தவிட்டுச் சரிவு

ஜூன் 3, சனி

இரண்டு நாள் மழை விட்டது. காலை மஸ்டரில் ஆஜர் எடுத்தேன், நாற்பத்தொரு பேர். மேனேஜரின் உத்தரவை நான்தான் வாசித்தேன். பாறைக்குக் கீழே தவிட்டுச் செடிகள் நிற்கும் சரிவைக் கம்பிவேலி போட்டு அடைத்தாயிற்று. போன வருடம் பழம் பறிக்கப் போன ஆளைக் கரடி கீறியதால் இந்த ஏற்பாடு. வேலி தாண்டிப் போனால் வேலையும் போகும், லயத்தில் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். பின்வரிசைப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததால் இரண்டாம் முறை சத்தமாக வாசித்தேன்.

வேலிக்கு ஒரே ஒரு கேட். சாவி என் பொறுப்பு.

நரிப்பாறை எஸ்டேட்டில் எனக்கு இது முப்பத்தொன்றாவது வருடம். ஃபீல்டு சூப்பர்வைசர் இருதயராஜ் என்று பலகையில் எழுதியிருப்பதை அக்டோபரில் அழித்துவிடுவார்கள். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் நான்கு மாதம்.

மனைவி செசிலி நாளை வரப்போகும் மகளுக்காகக் கம்பளிகளை எல்லாம் வெயிலில் போட்டாள். வெயில் அரைமணி நேரம்தான் இருந்தது.

ஜூன் 4, ஞாயிறு

பிரின்ஸி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "அப்பா, இளைச்சுட்டீங்க" என்றாள். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 5, திங்கள்

ஆறாம் நம்பர் தோட்டத்தில் தேயிலைக் கவ்வாத்து முடிந்தது. கொழுந்து வரத்து சுமார்.

சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு பிரின்ஸி கேட்டாள்: "அப்பா, தவிட்டுப் பழம் வந்துருச்சா? பெங்களூருல எவனுக்கும் அப்படி ஒரு பழம் இருக்குன்னே தெரியல. சொன்னா ப்ளூபெர்ரியான்னு கேக்குறாங்க."

சிரித்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோளில் உட்கார வைத்து அந்தச் சரிவுக்குக் கூட்டிப் போவேன். ஆள் உயரச் செடி. இலையின் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டினாற்போல வெளுத்திருக்கும். ரோஸ் நிறப் பூ உதிர்ந்து, ஆடி மாதத்துக்குள் பழம் கருநீலமாகிவிடும். நுனியில் சின்னக் கிரீடம். தொட்டால் பூனைக் காது மாதிரி மெத்தென்றிருக்கும். தின்றால் வாயெல்லாம் விதை. ஆனாலும் நிறுத்த முடியாது.

"அந்தப் பக்கம் அடைச்சாச்சும்மா. கரடி பயம்" என்றேன்.

"ஓ. அப்ப விடுங்க" என்றாள். முகம் வாடினாற்போல இருந்தது. பயணக் களைப்பாகவும் இருக்கலாம்.

ஜூன் 6, செவ்வாய்

நாளைக்கு ஏழாம் நம்பரில் கொழுந்து எடுக்க ஆள் பிரித்தேன். ஏழாம் நம்பர் வேலிக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. கடைசி நிரையைப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுத்தேன். ஐம்பது வயதானாலும் கை வேகம். புருஷன் இறந்த பிறகு லயத்தில் தனியாக இருக்கிறாள். மகன் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்குகிறான்.

மகள் வந்திருப்பதையும் பழம் கேட்டதையும் பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன். "பாப்பா வந்துருக்கா? சின்னதுல என் முந்தானையில கறை பண்ணி வைக்குமே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 7, புதன்

காலையில் ஏழாம் நம்பரில் விபத்து. வேலிக்கு உள்ளே பாறையிலிருந்து பஞ்சவர்ணம் வழுக்கி, பத்தடிப் பள்ளத்தில் விழுந்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் தானாகவே உள்ளே போயிருக்கிறாள். எடை பார்க்கப் போகும் வழியில் முனகல் கேட்டு, விசிலடித்து ஆட்களைக் கூப்பிட்டேன். சாவி கையில் இல்லாததால் கம்பியை வெட்டி, கம்பளியில் கிடத்தித்தான் தூக்கினார்கள். வெட்டிய கம்பி அவள் கையில் கீறிவிட்டது. ஜீப் வர பதினொன்றே கால். இடுப்பெலும்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரின்ஸி பழம் சாப்பிட்டாள். நாக்கு ஊதாவாகிவிட்டதென்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 8, வியாழன்

விபத்து ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். "மேற்படி தொழிலாளி, வேலை நேரத்தில், அனுமதியின்றி, கம்பிக்கு அடியில் நுழைந்து, தடை செய்யப்பட்ட இடத்துக்குச் சென்று பழம் பறித்ததில்." மூன்று நகல்.

மழைமானி: 22 மில்லி.

ஜூன் 9, வெள்ளி

மேனேஜரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோயம்புத்தூருக்கு மாற்றப் போகிறார்களாம். பஞ்சவர்ணம் மல்லாந்து கிடந்தாள். மருமகள் கோகிலா மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து, கால்மாட்டில் நின்றாள்.

"உன்னை யாராவது உள்ளே போகச் சொன்னாங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

பஞ்சவர்ணம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஐயாவக் கேளுங்க. அவருக்குத் தெரியும்" என்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் சொல்லப்பட்டது.

வெளியே வரும்போது மேனேஜர், "கேட்டா அவங்க எல்லாரும் இப்படித்தான். ஏதாவது ஒரு பேரைச் சொல்லுவாங்க" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

பூசை. பாவசங்கீர்த்தனம் செய்யச் சாமியாரிடம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். மழை வரும்போல இருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 12, திங்கள்

பிரின்ஸி கிளம்பினாள். பஸ் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வரேன்பா" என்றாள். நல்லது, கூட்டி வா என்றேன். இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். கேட்டதும் ஓர் உணர்ச்சியும் வரவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

எட்டாம் நம்பரில் காட்டெருமை இறங்கி, இளஞ்செடிகளை மிதித்துவிட்டது. இருபத்தாறு செடி.

ஜூன் 17, சனி

விசாரணை முடிந்துவிட்டது. என் ரிப்போர்ட்டை வைத்தே முடித்துவிட்டார்கள். அத்துமீறி நுழைந்தது, எஸ்டேட் பொருளை எடுத்தது என்று இரண்டு குற்றம். பஞ்சவர்ணத்துக்கு வேலை நீக்கம். வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். வேலை நேர விபத்து இல்லை என்பதால் வைத்தியம் அவர்கள் பாடு.

"எஸ்டேட் பொருள்" என்று தவிட்டுப் பழத்தை எழுதியிருக்கிறார்கள். காட்டில் தானாக முளைத்தது. யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. பஸ் ஸ்டாண்டில் பெண்கள் டம்ளரில் அளந்து விற்றதெல்லாம் இந்தச் சரிவுப் பழம்தான். அப்போதெல்லாம் அது யாருடைய பொருளும் இல்லை.

நோட்டீஸை அவள் வீட்டுக் கதவில் ஒட்டும் வேலை என்னிடம் வந்தது. ஒட்டினேன்.

ஜூன் 24, சனி

பஞ்சவர்ணத்தின் மகன் ஒரு சின்ன வேனோடு வந்து சாமான்களை ஏற்றினான். ஒரு கட்டில், ஒரு பீரோ, அடுப்பு, மூன்று சாக்கு. லயத்தில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள், ஒரு கை கொடுக்கவும் யாரும் வரவில்லை. திருடிய வீட்டுக்கு உதவினால் தங்களுக்கும் நோட்டீஸ் வரும் என்று பயம்.

பையன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தான். "அம்மா உங்களப் பாக்கணும்னு சொல்லுச்சு ஐயா" என்றான். வருகிறேன் என்றேன்.

ஜூன் 28, புதன்

சரிவுக்கு மண்வாரி இயந்திரம் வந்தது. சுற்றுலாக்காரர்கள் தங்க எட்டு காட்டேஜ் கட்டப் போகிறார்களாம். கரடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நின்று மேற்பார்வை பார்த்தேன். தவிட்டுச் செடி லேசில் வரவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது. பழம் உதிர்ந்து சக்கரத்தில் நசுங்கி, தடமெல்லாம் மை கொட்டினாற்போல ஆகிவிட்டது. டிரைவர் இறங்கிக் கை நிறைய அள்ளித் தின்றுவிட்டு, "நல்லாருக்கே சார், பேரு என்ன?" என்று கேட்டான். பெயர் சொன்னேன்.

ஜூலை 1, சனி

செசிலி எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள்.

"என்னங்க, அன்னைக்கு பிரின்ஸி சாப்பிட்ட பழம் எங்கிருந்து வந்துச்சு?"

"கடைத்தெருவுல வாங்கினேன்."

"நம்ம டிபன் டப்பாவுலயா போட்டுக் குடுத்தாங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"காலைல காலி டப்பா ஒண்ணு குடுன்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. நான்தான் பையில வச்சேன். சாயங்காலம் அதுல பழம் இருந்துச்சு. நடுவுல ஒருத்தி இடுப்ப ஒடிச்சுக்கிட்டா." அவள் குரல் உயரவே இல்லை. "இருபத்தி நாலு நாளா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஆமாம், பஞ்சவர்ணத்தை நான்தான் போகச் சொன்னேன். பேச்சுவாக்கில் இல்லை. "நாளைக்கு ஒன்பது மணிக்கு கேட்டைத் திறந்து வைக்கிறேன். ஒரு டப்பா நிறையப் பறிச்சு வை. பத்தரைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொன்னேன். "உத்தரவு இருக்கே ஐயா?" என்று கேட்டாள். "நான் இருக்கேன்ல?" என்றேன்.

ராத்திரி பிரின்ஸிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அதையாப்பா நான் தின்னேன்?" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. போனை அவள் கணவன் வாங்கி, "மாமா, அப்புறம் பேசுவா" என்றான். அவன் குரலை இன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

ஜூலை 3, திங்கள்

நடந்ததை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து என் பக்கமே தள்ளினார்.

"முடிஞ்சுபோன விஷயம். ரூமை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தாச்சு. அந்தம்மாவால இனி கொழுந்து எடுக்க முடியாது. இதை நான் வாங்கினா உங்களை அனுப்பணும். மூணு மாசம் பொறுத்துக்கிட்டா மாலை போட்டு அனுப்புவோம்."

"வாங்கிக்கங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"ரிப்போர்ட்டை யோசிச்சுத்தான் சார் எழுதினேன். இதையாவது யோசிக்காம கொடுத்துடறேன்."

வாங்கிக்கொண்டார். என்னை வேலையிலிருந்து நீக்கி, ஜூலை 31க்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி மத்தியானமே கடிதம் வந்துவிட்டது. பஞ்சவர்ணத்தின் பெயரிலிருந்து திருட்டை எடுத்துவிடுவதாகவும், வேலையும் வீடும் திரும்பத் தருவதற்கில்லை என்றும் அதிலேயே ஒரு வரி இருந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு வரியில் எடுக்க முடிந்ததைத்தான் நான் மூன்று நகல் எழுதியிருந்தேன்.

செசிலியிடம் காட்டினேன். "எங்க போறது?" என்றாள். பிறகு அவளே, "போலாம், எங்கயாச்சும்" என்று சொல்லிவிட்டு, காபி போட எழுந்து போனாள்.

ஜூலை 5, புதன்

மேட்டுப்பாளையம் போனேன். கீழே இறங்க இறங்கப் புழுக்கம். மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை. உருளைக்கிழங்குச் சாக்கு வாசனை. பஞ்சவர்ணம் கட்டிலில் கிடந்தாள். கட்டிலுக்கு அடியில் பேசின். கோகிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்தினாள்.

"பஞ்சவர்ணம், நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"எந்தத் தப்பச் சொல்றீங்க ஐயா?"

ரிப்போர்ட்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அது அப்புறம் எழுதுனது. நான் கீழ விழுந்து கெடக்கேன். ஐயா, ஐயான்னு கூப்புடறேன். நீங்க மேல நின்னு பாக்குறீங்க. இறங்கி வருவீங்கன்னு பாத்தா, பாறை மேல நான் வச்ச டப்பாவ எடுத்துக்கிட்டுப் போறீங்க. அப்புறம் கேட்டப் பூட்டுற சத்தம் கேட்டுச்சு ஐயா. அந்தச் சத்தம்தான் இன்னும் காதுல இருக்கு."

சாவி கையில் இல்லை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. கேட் திறந்திருந்தால் திறந்தது யார் என்று கேட்பார்கள். அதனால் பூட்டினேன். பூட்டிவிட்டு ஆறாம் நம்பர் வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து திரும்பி வருகிறவன்போல வந்துதான் விசிலடித்தேன். இருபது நிமிடம். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று கம்பியை வெட்டச் சொன்னதும் நான்தான். அந்தக் கம்பிதான் அவளைக் கீறியது.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். எவ்வளவு கேவலமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"சொல்லாம? எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். மாதா கோயில் கமிட்டில இருக்குற மனுசன், முப்பது வருசமா மஸ்டர் எடுக்குறவரு, அவரா சொல்லுவாருன்னாங்க. இந்தா நிக்கிறாளே, இவகிட்டயும் சொன்னேன்." மருமகளைக் கண்ணால் காட்டினாள். "ஊரான் சொத்துல கை வைக்காம இருந்திருந்தா இப்படிக் கெடக்க வேண்டியதில்லன்னு ஒரு மாசமா கேட்டுட்டுக் கெடக்கேன். சோறு போட்டுட்டுச் சொல்லுவா. பீ அள்ளிட்டுச் சொல்லுவா. அவளக் கொற சொல்லல. அவதான் அள்ளுறா."

கோகிலாவின் கை நின்றுவிட்டது. நான் எழுந்து நின்று அவளிடம் சொன்னேன்: "உங்க அத்தை திருடலம்மா. நான்தான் போகச் சொன்னேன். கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான். பூட்டினதும் நான்தான்."

மடித்த சேலையை உதறி, மறுபடி மடித்தாள். பிறகு அடுப்பு மூலைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னை மன்னிக்கணும்" என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா. எனக்கு இடுப்பு வலிக்குது. வலிக்கும்போதெல்லாம் உங்க ஞாபகம் வருது. இதுல மன்னிப்ப எங்க கொண்டு வைக்கிறது?" பிறகு சொன்னாள்: "எங்க லயத்துல பன்னெண்டு வீடு. இருபத்தெட்டு வருசம் அங்க இருந்தேன். சாமான் ஏத்தறப்ப ஒருத்தரும் வரலன்னு எம்மகன் சொன்னான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு இப்ப சொன்னத அப்படியே சொல்லுங்க. மொத்தமாக் கூட்டி வச்சுச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வீடா."

சரி என்றேன்.

"பூட்டுனதையும் சொல்லணும்."

சரி என்றேன்.

ஜூலை 6, வியாழன்

வேலை விட்டு எல்லோரும் வந்த பிறகு லயத்துக்குப் போனேன். இரண்டு வீடு. முதல் வீட்டில் வேலாயி, என்னைப் பார்த்ததும் வழக்கம்போல முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே கேட்டாள். அதற்குமேல் இன்று முடியவில்லை.

ஜூலை 7, வெள்ளி

ஐந்து வீடு. ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை. ஒரு வீட்டில் ஆள் குடித்திருந்தான். என் சட்டையைப் பிடித்தான், அவன் மனைவி விலக்கிவிட்டாள்.

இன்றைய கடைசி வீட்டு ராக்கம்மாள், "எங்களுக்கு அப்பவே தெரியும் ஐயா" என்றாள். "அன்னைக்குக் காலைல நீங்க கேட்டுப் பக்கம் போனத நான் பாத்தேன். உங்களப் போயி யாரு கேக்கறது? எனக்கும் வீடு வேணும்ல?"

எல்லோரையும் நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதைவிட இது மோசம்.

ஜூலை 8, சனி

நான்கு வீடு. மழை. குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே சொன்னேன். குடை பிடித்துக்கொண்டு சொல்லக் கூடாது என்று தோன்றியது.

சொல்லச் சொல்லப் பழகிவிடுகிறது. பத்தாவது வீட்டில் வாய் தானாகப் பேசிக்கொண்டு போனது. பயந்துபோய் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

பன்னிரண்டாவது, பஞ்சவர்ணம் இருந்த வீடு. ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பம் இப்போது அங்கே இருக்கிறது. புருஷன் வெளியே போயிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நோட்டீஸ் ஒட்டிய பசைத் தடம் கதவில் அப்படியே இருந்தது.

அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவள் பாஷை தெரியாது. திரும்பி விடலாமா என்று யோசித்தேன். பிறகு வாசலில் நின்று முழுவதையும் தமிழிலேயே சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு, நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். மற்ற வீடுகளில் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். பள்ளத்தில் பஞ்சவர்ணம் கிடப்பதைப் பார்த்தபோது, செத்துப்போயிருந்தால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தேன்.

முடித்ததும் அந்தப் பெண் தனக்குத் தெரிந்த நான்கு தமிழ் வார்த்தைகளையும் கோத்துக் கேட்டாள்: "ஐயா, நாளைக்கி வேலை இருக்கு?"

இருக்கிறது, ஏழு மணிக்கு மஸ்டர் என்று விரல் விட்டுக் காட்டினேன். அதை எடுக்கப் போகிறவன் நான் இல்லை என்பதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டேன். கோகிலா எடுத்து, பேசாமல் அத்தை காதில் வைத்தாள்.

"பன்னெண்டும் முடிஞ்சுது" என்றேன்.

"எங்க வீட்டுலயும் சொன்னீங்களா?"

"சொன்னேன். வடக்க இருந்து வந்தவங்க. அந்தப் பொண்ணுக்குத் தமிழ் புரியல."

அந்த முனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"பிள்ளை குட்டி இருக்கா அவளுக்கு?"

"ஒரு கைக்குழந்தை. உள்ள தூங்கிட்டு இருந்துச்சு."

"மழ புடிச்சா அடுப்புக்கு மேல ஒழுகும் ஐயா. தொட்டில அந்தப் பக்கம் கட்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். போன் நின்றது.

இப்போது மழை பெய்கிறது. இதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் ஒரு தகரமும் ஆணியும் எடுத்துக்கொண்டு போய், கூரையில் ஏறிவிட வேண்டியதுதான்.